நாளும் கிழமையும்



வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதனை அடுத்த இதழுக்கு ஒத்தி வைக்கிறோம். சென்ற மாதம் நம் தெருவில் ஒரு பிழை நேர்ந்தது; அதைச் செய்தவர் வேறு யாரும் அல்லர், இப்பகுதியை எழுதி வரும் நாமேதாம். பிழையை ஒப்புக்கொள்வதும், அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்ந்து பிறர்க்கு உரைப்பதும் கடமை எனத் தோன்றியதால் இவ்விதழை அதற்கே செலவிடுகின்றோம்.

விவேக் நகரில் நம் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டில் ஒரு பெரியவர் வாழ்கிறார். சேலத்துக்கு அப்பால் ஆத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளமையில் தச்சு வேலைக்காக இங்கு வந்தவர். அவருடைய தங்கையின் கணவர் ஊரில் இறந்துபோனார். எடுத்த அன்று பெரியவர் போய் வந்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதி. அது திங்கட்கிழமை காலையில் என்று செய்தி வந்தது. அன்று தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போடுவதும், மருமகனுக்குத் தாய்மாமன் முறையில் உருமால் கட்டுவதும் அவர் கடன். "தம்பி, ஞாயிறு இரவு வண்டிக்கு எனக்கும் வீட்டில் உள்ளவளுக்கும் இரண்டு சீட்டு எடுத்துக் கொடுங்கள்" என்று நம்மிடம் கேட்டார். ரயில்வேயில் எழுத்தராக இருப்பவரிடம் தெருவார் கேட்பது இயல்புதானே. நாமும் மகிழ்ச்சியோடு கைப்பேசியை எடுத்தோம், ஞாயிற்றுக்கிழமைக்குரிய தேதியைத் தொட்டோம், நள்ளிரவு தாண்டி 20 நிமிடத்தில் புறப்படும் வண்டியில் இரண்டு இடம் இருந்தது, எடுத்துக் கொடுத்தோம்.

பிழை எங்கே என்பது கூர்ந்து படிப்பவர்க்கு இதற்குள் விளங்கியிருக்கும். ஞாயிறு தேதியில் 0.20 மணி என்றால் அது சனிக்கிழமை இரவு நாம் உறங்கப் போன பின் வரும் நேரம். பெரியவர் ஞாயிறு இரவு 11 மணிக்கு மனைவியோடும் கோடிச் சேலையோடும் நிலையத்தில் போய் நின்றபோது அவருடைய வண்டி போய் ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகியிருந்தது. சீட்டைப் பார்த்த பரிசோதகர், "ஐயா, இது நேற்று இரவே போய்விட்ட வண்டி" என்றார். அடுத்து வந்த வண்டியின் பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. முதிய இருவரும் சாந்திநகர்ப் பேருந்து நிலையத்துக்குப் போய், விடியலுக்குச் சற்று முன் கிடைத்த பேருந்தில் ஏறி, சேலத்தில் மாறி, ஆத்தூரில் மாறி, ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி 11. ஆற்றங்கரைக் காரியம் முடிந்து எல்லாரும் வீடு திரும்பியிருந்தனர். பொழுதைத் தாழ்த்தக் கூடாது என்று பங்காளி முறையில் வேறொருவர் உருமால் கட்டிவிட்டார். கோடியும் வேறொரு கையால் விழுந்திருந்தது.

திரும்பி வந்த பெரியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தேதி நான் சொன்னதுதான் தம்பி. நாள்தான் வேறாகிவிட்டது" என்று மட்டும் சொன்னார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்துவிட்டது. தேதி சரியாக இருந்தும் நாள் எப்படித் தவறும்? அன்று தொடங்கி, நாளைக் குறிக்க நம்மிடம் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்டவர்கள் நாம். புலமை உரிமை பாராட்டவில்லை. வீட்டில் பயன்படும் அளவுக்குக் கண்டதைச் சொல்கிறோம்.

'நாள்' என்பது பொதுச்சொல். பொதுச்சொல் என்றால் பெரிய குடை. அதனடியில் பலர் நிற்கலாம். "நாட்கூலி" என்னும்போது நாள் என்பது காலை தொடங்கி மாலை வரை உழைக்கும் நேரம். இரவுக்கு அதில் இடமில்லை. "மூன்று நாள் காய்ச்சல்" என்னும்போது பகலும் இரவும் சேர்ந்தே நாள். "நல்ல நாள் பார்த்துச் செய்" என்றால் அதற்குரிய திதி, நட்சத்திரம் முதலியன பொருந்திய நாள். "அந்த நாளில் இங்கே ஏரி இருந்தது" என்று பழைய குடிகள் சொன்னால் நாள் என்பது ஒரு காலம் முழுவதும். ஒரே சொல் நான்கு இடத்தில் நான்கு அளவு காட்டுகிறது. கேட்பவர் இடமறிந்து பொருள் கொள்கிறார். இடம் மயங்கினால் பொருளும் மயங்கும்.

'பகல்' என்பது சிறப்புச்சொல். கதிரவன் வெளிச்சம் உள்ள நேரம் மட்டுமே பகல். 'இரவு' அதன் மறுபாதி. இவ்விரண்டையும் சேர்த்து 24 மணி நேரத்தை ஐயமின்றிச் சொல்ல வேண்டுமானால், "ஒரு பகலும் ஓர் இரவும்" என்று நாம் விரித்துத்தான் சொல்ல வேண்டும். ரஷிய மொழியில் இம்முழுமைக்கென்றே 'சூத்கி' என ஒரு தனிச்சொல்லும், பகலுக்கு வேறொரு சொல்லும் உண்டு. நம் முன்னோர் இக்குறையை வேறு வகையில் ஈடு செய்தனர். முழுமையைப் பகுத்துப் பகுதிகளுக்குப் பெயரிட்டனர். மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு எனச் சிறுபொழுது ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். ஆகப் பொழுது ஒன்றுக்கு நான்கு மணி நேரம். அறுபது நாழிகையில் ஒரு நாள் நிறைகிறது. இவற்றுள் யாமம், வைகறை என்பவற்றை இன்று மறந்துவிட்டோம். நள்ளிரவைச் சூழ்ந்தும் அதன் பின் விடியும் வரையும் உள்ள அந்நேரங்களுக்குத் தனிப்பெயர் வழக்கில் இருந்திருந்தால், அவற்றை 'இரவு' என்னும் பொதுக் குடைக்குள் தள்ளி நாம் ஏமாந்திருக்க மாட்டோம்.

இனி, நாள் எப்போது தொடங்குகிறது? இதுவே நம் பிழையின் வேர்.

பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிறு காலை கதிர் எழுவது முதல் திங்கள் காலை கதிர் எழும் வரை. ஆகவே நள்ளிரவு 12 மணிக்கு அங்கே எதுவும் மாறுவதில்லை. பாட்டிமார் வழக்கும் இதுவே. பெரியவர் "ஞாயிறு இரவு" என்று சொன்னபோது அவர் மனத்தில் இருந்த ஞாயிறு, திங்கள் விடியும் வரை நீண்ட ஞாயிறு. அவர் சொன்னது முற்றும் சரியே. ரயில்வேயின் நாளோ நள்ளிரவில் பிறந்து நள்ளிரவில் முடிவது. 23.59 மணிக்கு அடுத்த நிமிடம் 0.00; அந்நொடியே தேதி மாறிவிடும். பெரியவர் ஒரு நாளைச் சொல்ல, நாம் வேறொரு நாளைத் தொட்டோம். இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று.

இந்தியா முழுவதுக்கும் ஒரே நேரம் என்பதும் மிகப் பழைய ஏற்பாடு அன்று. 1906-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதலே, 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டு கணிக்கும் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருப்புப் பாதைகள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. ஊர்களிலோ அவ்வவ்வூர்ச் சூரியனே நேரம் காட்டினான். ஊர் நேரத்தையும் வண்டி நேரத்தையும் குழப்பிக்கொண்டு வண்டியைத் தவற விட்டவர்கள் அக்காலத்திலும் இருந்திருப்பார்கள். நேரம் ஒன்றாகிவிட்டது, நாள்தான் இன்னும் ஒன்றாகவில்லை.

நம் வீட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. நம் மகள் பிறந்தது பின்னிரவு 2 மணி 40 நிமிடத்துக்கு. மருத்துவமனைச் சீட்டில் செவ்வாய்க்கிழமை. ஊரிலிருந்து வந்த நம் அன்னையார் சாதகம் எழுதக் கொடுத்தபோது திங்கட்கிழமை என்றே சொன்னார்; சோதிடரும் அவ்வாறே எழுதினார். குழந்தை வளர்ந்து, "நான் எந்தக் கிழமை பிறந்தேன்?" என்று கேட்டபோது வீட்டில் இரண்டு விடை வந்தன. இரண்டும் மெய்.

விவேக் நகரில் சற்றுக் காலாற நடந்தால் இன்னும் சில நாட்களைக் காணலாம். இங்கே குழந்தை இயேசு ஆலயம் உள்ளதை அறியாதார் இலர். வியாழக்கிழமை என்றால் நவநாள் வழிபாட்டுக்குக் கூட்டம் நெரியும். ஆகவே நம் வட்டாரத்தில் வியாழன் என்பது வெறும் கிழமைப் பெயராக நிற்பதில்லை, ஒரு திருநாளின் பெயர்போல ஒலிக்கிறது. கத்தோலிக்க வழக்கில் சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிற்றுக்கிழமைக் கடனுக்கு ஈடாகக் கொள்ளப்படும். அவர்கட்கு ஞாயிறு முதல் நாள் மாலையிலேயே வந்துவிடுகிறது. இசுலாமியரின் கணக்கில் எந்த நாளும் சூரியன் மறைந்ததும் தொடங்கும். வியாழன் பொழுது சாய்ந்தபின் வருவது வெள்ளி இரவு. யூதரும் தம் ஓய்வு நாளை அந்திப் பொழுதிலேயே தொடங்குகின்றனர். ஆக ஒரே தெருவில், ஒரே சமயத்தில், உதயத்தில் பிறக்கும் நாள், அந்தியில் பிறக்கும் நாள், நள்ளிரவில் பிறக்கும் நாள் என மூன்று நாட்கள் நடந்து வருகின்றன. "வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு வாருங்கள்" என்று எதிர்வீட்டு அன்பர் அழைத்தால், எந்த இரவு என்று ஒரு சொல் கேட்டுக்கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை.

அடுத்து, 'கிழமை' என்னும் சொல். நாள் என்பது பொது. கிழமை என்பது சிறப்பு. கிழமை என்றால் உரிமை என்பது பழம்பொருள். இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப் பொருள் என்றே குறிப்பர். தற்கிழமை, பிறிதின் கிழமை என அதனை வகுப்பர். 'கிழவன்' என்ற சொல்லும் அக்காலத்தில் உரியவன், தலைவன் என்றே பொருள்பட்டது. ஏழு கோள்களுள் இன்னதற்கு உரிய நாள் இது என்பதே ஞாயிற்றுக் கிழமை, திங்கட் கிழமை எனும் பெயர்களின் கருத்து.

ஏழு கோள்கள் ஏன் இந்த வரிசையில் வருகின்றன என்று நம் மகன் ஒருமுறை கேட்டான். அன்று விடை தெரியவில்லை, பின்னர் தெரிந்துகொண்டோம். பழைய வானநூலார் கோள்களை அவை சுற்றிவரும் காலத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினர். மிக மெதுவாகச் செல்லும் சனி முதலில். பின்பு வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், கடைசியில் விரைந்து செல்லும் திங்கள். நாளின் 24 ஓரைகளையும் இவ்வரிசையில் ஒவ்வொரு கோளுக்கும் ஒவ்வொன்றாக உரிமையாக்கினர். முதல் ஓரைக்கு உரியவரே அந்நாளுக்கும் உரியவர். சனியின் நாளில் முதல் ஓரை சனிக்கு. 8, 15, 22-ஆம் ஓரைகளும் சனிக்கே வரும். 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. அடுத்த ஓரை மறுநாளின் முதல் ஓரை, அது ஞாயிற்றுக்கு. ஆகவே சனிக்குப் பின் ஞாயிறு. இவ்வாறே எண்ணிப் பார்த்தால் ஞாயிற்றுக்குப் பின் திங்களும், திங்களுக்குப் பின் செவ்வாயும் தாமே வந்து நிற்கும். பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்; ஒரு மாலைப் பொழுது இனிதே கழியும்.

இக்கிழமை முறை உரோம நாட்டிலும் இந்திய நாட்டிலும் ஒன்றாக இருப்பதற்கு இக்கணக்கே காரணம். நம் நாட்டில் கிழமை குறித்த பழைய கல்வெட்டுகளுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் ஏரண் என்னும் ஊரில் உள்ள புத்தகுப்தன் காலத்துக் கல்தூண். கி.பி. 484-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதில் வியாழக்கிழமை குறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்துச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பொறித்தனர். இது வீண் விரிவு அன்று. கிழமை மட்டும் சொன்னால் ஆண்டுக்கு 52 முறை பொருந்தும். திதியும் நட்சத்திரமும் சேர்ந்தால் பொருந்தும் நாள் மிகச் சிலவாகிவிடும். திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணு பிள்ளை அவர்கள் இவற்றையெல்லாம் கணித்துப் பெரிய நாட்கணிப்பு அட்டவணைகளை 1922-இல் வெளியிட்டார்கள். கல்லில் வெட்டிய நாள் இன்ன ஆண்டின் இன்ன தேதி என்று ஆராய்ச்சியாளர் துணிவதற்கு அவை கைவிளக்காயின. ஒரு நாளுக்கு இரண்டு மூன்று அடையாளம் சொல்லிவைத்த கல்தச்சரின் எச்சரிக்கை, கைப்பேசி வைத்திருந்த நமக்கு இல்லாமற் போயிற்று.

திதியும் தேதியும் வேறு வேறு. திதி என்பது நிலாக் கணக்கு. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. ஒரு திங்கள் சுற்றில் 30 திதிகள். சில திதி 20 மணி நேரத்தில் முடியும். சில 26 மணி நேரம் நீளும். ஆகவே அது காலையில் தொடங்கலாம், நடுப்பகலிலும் தொடங்கலாம். தேதி என்னும் சொல் திதியிலிருந்தே பிறந்தது என்பர். ஆனால் பிறந்த வீட்டை அது மறந்துவிட்டது. தேதி இன்று நாட்காட்டித் தாளில் உள்ள எண். தந்தைக்குத் திதி கொடுப்பவர் தேதியைப் பார்த்துக் கொடுத்தால் நாள் தவறும். அலுவலகத்தில் விடுப்புக் கேட்பவர் திதியைச் சொன்னால் மேலதிகாரிக்கு விளங்காது.

நட்சத்திரத்துக்கும் பழந்தமிழில் நாள் என்றே பெயர். கோள்மீன், நாள்மீன் என்று பிரித்தனர். சந்திரன் வானத்தைச் சுற்றிவர 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. நாள் ஒன்றுக்கு ஒரு மீன் என 27 நாள்மீன்கள். அதனாலேயே "பிள்ளையின் நாள் என்ன?" என்று ஊரில் கேட்டால் உரோகிணி, மகம் என விடை சொல்கிறோம். இங்கே பள்ளியில் அதே கேள்விக்குத் தேதி எழுதுகிறோம். நம்மில் முதியோர் பலருக்குப் பிறந்த தேதி ஜூன் 1 என்றிருப்பதும், அவர்தம் நட்சத்திரமோ அம்மாதத்தோடு சிறிதும் பொருந்தாதிருப்பதும் எல்லாரும் அறிந்த வேடிக்கை. பள்ளியில் சேர்த்த ஆசிரியர் ஒரு தேதியை எழுதினார். தாய் ஒரு நாளை நினைவில் வைத்திருந்தாள்.

பண்டிகைகளும் அவ்வாறே. நம் வட்டாரத்துக் குழந்தை இயேசு ஆலயப் பெருவிழா ஜனவரி 14. அது தேதியைப் பற்றியது, மாறாது. பொங்கலோ சூரியன் மகரத்தில் நுழைவதைப் பற்றியது. 2024-இல் ஜனவரி 15-ஆம் தேதி வந்தது, 2025-இல் 14-ஆம் தேதி வந்தது. கன்னட அன்பர்களின் உகாதி நிலாவைப் பற்றியது. 2024-இல் ஏப்ரல் 9, 2025-இல் மார்ச் 30. "சென்ற ஆண்டு இதே நாளில்தானே வந்தது" என்று ஒருவர் சொன்னால், எந்த நாளை என்று கேட்டுத்தான் உடன்பட வேண்டும். "நாள் கிழமை" என்று நம் பெண்டிர் சேர்த்துச் சொல்லும்போது பண்டிகை, விசேடம் என்றே பொருள். பொதுச்சொல்லும் சிறப்புச்சொல்லும் கைகோத்து மூன்றாவதொரு பொருளைத் தந்துவிடுகின்றன.

இங்கே வந்து குடியேறிய நமக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அது அண்டை மொழியின் நெருக்கத்தால் வருவது. கன்னடம் நம் மொழிக்கு உடன்பிறப்பு. பகல் அங்கே 'ஹகலு'; நாளை என்பது 'நாளெ'. கேட்டதும் விளங்குவதால் எல்லாம் விளங்கியதாக எண்ணிவிடுகிறோம். 'வாரம்' நமக்கு ஏழு நாள். அவர்களுக்கோ 'வார' என்பது ஏழு நாளும் ஆகும், கிழமையும் ஆகும். "இவத்து யாவ வார?" என்று ஆசிரியை கேட்க, ஊரிலிருந்து புதிதாய் வந்த சிறுவன் "இரண்டாவது வாரம்" என்றானாம். இன்று என்ன கிழமை என்பதே கேள்வி.

இதினும் வினையானது 'திங்கள்'. நமக்கு அது மதி, மாதம், கிழமை மூன்றுமாம். கன்னடத்தில் 'திங்களு' என்றால் மாதம். மேலும் அங்கே 'முந்தின' என்பது இனி முன்னே வரப்போவதைக் குறிக்கும். நமக்கு 'முந்தின' என்பது கழிந்து போனது. ஆகவே வீட்டுக்காரர் "முந்தின திங்களு" என்று அடுத்த மாதத்தைச் சொன்னால், புதிதாய் வந்தவர் காதில் அது சென்ற திங்கட்கிழமையாக விழும். நல்லெண்ணம் கொண்ட இருவர் ஒருவரையொருவர் பொய்யர் என எண்ணி முகம் திருப்பிக்கொள்ள இது ஒன்று போதும். தேதியின் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டால் இந்த வழக்கே எழாது.

கடைசியாக, எண்ணும் முறை. நம் ஊர் வழக்கில் மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று எண்ணும்போது நிகழ்ச்சி நேர்ந்த நாளே முதல் நாள். ஞாயிறு இறந்தவர்க்குப் பதினாறாம் நாள் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை. பதினாறு நாள் கழித்து என்று எண்ணினால் செவ்வாய் ஆகிவிடும். சட்டத்தின் வழக்கு வேறு. 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின்படி, ஒரு நாளிலிருந்து என்று சட்டத்தில் சொல்லியிருந்தால் அந்நாளை நீக்கிவிட்டு அடுத்த நாள் முதல் எண்ண வேண்டும். 'நாள்' என்ற சொல்லையே சட்டங்கள் தமக்குத் தாமே வரையறுத்துக்கொள்வதும் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நாள் என்பதை நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்றது. வாரம் என்பதைச் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் என்றது. நள்ளிரவைத் தாண்டி வேலை செய்யும் முறையாளர்க்கு மட்டும், அவர் முறை முடிந்த நேரத்திலிருந்து 24 மணி என விதிவிலக்கும் வைத்தது. இரவு முறை பார்ப்பவரின் நாள் வேறு என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

ரயில்வேயின் கணக்கும் பயண நாளை நீக்கியே எண்ணுவது. முன்பதிவு 120 நாளுக்கு முன் தொடங்கி வந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆயிற்று. பயண நாள் அதில் சேராது. ஜனவரி 14-ஆம் தேதிப் பயணத்துக்கு நவம்பர் 15-ஆம் தேதி காலை முன்பதிவு தொடங்கும். ஊர்க் கணக்கில் ஜனவரி 14-ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணுபவர் நவம்பர் 16-ஆம் தேதி போய் நிற்பார். பொங்கல் இடமெல்லாம் முதல் நாளே போயிருக்கும். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இந்த 60 நாள் வண்டி தன் முதல் நிலையத்தை விட்டுப் புறப்படும் தேதியைக் கொண்டு எண்ணப்படுவது. 13-ஆம் தேதி மாலை எங்கோ புறப்பட்டு நம் நிலையத்துக்கு நள்ளிரவு கடந்து வரும் வண்டிக்கு, நாம் ஏறுவது 14-ஆம் தேதி ஆயினும், எண்ணிக்கை 13-ஆம் தேதியிலிருந்து. தட்கல் முறையிலும் அதுவே விதி.

இவ்வளவும் அறிந்திருந்தும் தவறினோமே என்று அன்பர்கள் வினவலாம். அறிந்திருந்ததுதான் தவறுக்குக் காரணம் என்று தோன்றுகிறது. நாள்தோறும் அதே வேலையைச் செய்பவனுக்கு, "இரவு" என்ற சொல்லைக் கேட்டதும் நின்று எண்ணத் தோன்றுவதில்லை. புதியவர் ஒருவர் எடுத்திருந்தால் ஒருமுறை அஞ்சியிருப்பார்.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள். நள்ளிரவு 12 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையே புறப்படும் வண்டிக்கோ பேருந்துக்கோ விமானத்துக்கோ இடம் எடுக்கும்போது, கிழமையை மட்டும் சொல்லாதீர்கள். "இன்ன கிழமை இரவு, விடிந்தால் இன்ன கிழமை" என்று சொல்லுங்கள். இது புதிதாய் நாம் கண்ட தொடர் அன்று. "விடிந்தால் கல்யாணம்" என்று நம் பாட்டிமார் பேசிய தமிழ்தான். இதைவிடத் துல்லியமான சொல் எந்த அட்டவணையிலும் இல்லை. விடிந்தால் வரும் கிழமையின் தேதியையே சீட்டில் கேட்க வேண்டும். வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியதோ அதற்கு முந்திய தேதியின் இரவு. சீட்டு கைக்கு வந்ததும் அதன்மீது, புறப்பட வேண்டிய மாலையின் கிழமையைக் கையால் எழுதி வையுங்கள். காரியம், கலியாணம் முதலியவற்றுக்கு ஊரிலிருந்து செய்தி வந்தால் கிழமை, தேதி இரண்டையும் கேளுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அன்றே மறுபடி கேட்பது எளிது. வாடகை, கூலி, தவணை ஆகியவற்றுக்குத் தேதியின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிறர்க்காக இடம் எடுப்பவர்கள், அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "ஆம்" என்ற விடை பெற்றபின் பணத்தைச் செலுத்துங்கள். நாம் செய்யத் தவறியது இந்த ஒன்றையே. கேட்டிருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கிழமை என்றால் உரிமை என்றோம். கிழமை தவறியதால் ஒருவருடைய உரிமையும் தவறியது. அதை மீட்டுக்கொடுக்க நம்மால் இயலாது. பெரியவர் கொண்டுசென்ற கோடிச் சேலையைத் தங்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்திருக்கிறாராம். ஆண்டு நிறைவுத் திதியன்று அண்ணன் வந்து கையால் எடுத்துக் கொடுத்தால்தான் உடுப்பது என்று சொல்லிவிட்டாராம்.

சென்ற வாரம் பெரியவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "வருசத் திதிக்கும் நீங்களே சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும், தம்பி" என்றார். நமக்குப் பேச்சு எழவில்லை. சற்றுப் பொறுத்து, "திதி எந்தத் தேதியில் வருகிறது என்று முதலில் பஞ்சாங்கத்தில் பார்ப்போம், ஐயா" என்றோம். இருவரும் திண்ணையில் அமர்ந்து பார்த்தோம். ஒரு துண்டுத் தாளில் கிழமை, தேதி, விடிந்தால் வரும் கிழமை மூன்றையும் எழுதி, படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகு, அத்தாளை நம் வீட்டு நாட்காட்டியின் மேல் ஊசியால் குத்தி வைத்திருக்கிறோம். முன்பதிவு தொடங்க இன்னும் பல மாதம் இருக்கிறது. நாள்தோறும் காலையில் தாள் கிழிக்கும்போது அதை ஒருமுறை படித்துக்கொள்கிறோம்.